நீலக் குளிசையும் பதக்கப் பட்டியலும்

இளையோருக்கான உலக நீச்சல் சம்பியன்ஷிப் போட்டி முதன்முதலாக 2006ஆம் ஆண்டு பிரேசிலின் றியோ டி ஜெனீரோ நகரில் நடைபெற்றது. பெண்களுக்கு 14 முதல் 17 வரை, ஆண்களுக்கு 15 முதல் 18 வரை என்று சர்வதேச நீச்சல் சம்மேளனம் வயதெல்லை வகுத்தது. ஐரோப்பாவில் இத்தகைய இளையோர் போட்டி 1967 முதலே இருந்து வந்தது. உலக மட்டத்தில் அதற்கு மேலும் 39 ஆண்டுகள் பிடித்தன.

இந்த வயதெல்லையை வாசிக்கும் எவருக்கும் ஒரு கேள்வி எழ வேண்டும். வளர்ந்தவர்களுக்கான உலகப் போட்டிகளில் அதுவரை வென்றவர்கள் எத்தனை வயதினர்? பெண்கள் நீச்சலைப் பொறுத்தவரை, 1970களின் பதக்க மேடைகளில் நின்றவர்களிற் பலர் இன்றைய விதிப்படி இளையோர் போட்டிக்கு உரியவர்கள். சிலர் அதற்கும் வயது போதாதவர்கள். அந்த மேடைகளை நிறைத்த ஒரு நாட்டைப் பற்றியும், அந்த நாட்டைப் பற்றி எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்கள் எழுதியதையும் எழுதாமல் விட்டதையும் பற்றியுமே இக்கட்டுரை.

கிழக்கு ஜேர்மனி என்ற நாட்டை இதை வாசிப்பவர்களிற் பலர் வேறொரு வழியால் அறிந்திருப்பீர்கள். 1980களின் முற்பகுதியில் கொழும்பிலிருந்து புறப்பட்டு, கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலேறி மேற்கு பெர்லினுக்குள் நுழைந்த தமிழர்கள் ஆயிரக்கணக்கானோர். 1985இல் அந்தக் கதவு எம்மவருக்கு மூடப்பட்டது. அன்று அந்த விமான நிலையத்தைக் கடந்தவர்களுக்கு அது ஒரு சாம்பல் நிறத் தேசம், சீருடைக்காரர்களின் தேசம். ஆனால் விளையாட்டுப் பக்கம் வாசித்தவர்களுக்கு அது ஓர் அதிசயம். 1 கோடி 70 இலட்சம் மக்களைக் கொண்ட அந்தச் சிறிய நாடு 1976 மொன்றியல் ஒலிம்பிக்கில் 40 தங்கப்பதக்கங்களை வென்றது. அமெரிக்கா வென்றவை 34. இலங்கை அந்நாட்டை 1970ஆம் ஆண்டிலேயே அங்கீகரித்திருந்தது. சோசலிசம் பேசியவர்களுக்கு இதைவிட வாய்ப்பான சான்று வேறென்ன வேண்டும்?

கதையை 1972இலிருந்து தொடங்க வேண்டும். மியூனிச் ஒலிம்பிக்கில் பெண்களுக்கான நீச்சற் போட்டிகள் 14. கிழக்கு ஜேர்மனியப் பெண்கள் அவற்றுள் ஒன்றிலேனும் தங்கம் பெறவில்லை. அந்த அணியில் கோர்னேலியா எண்டர் என்ற 13 வயதுச் சிறுமி இருந்தாள். மூன்று வெள்ளிப்பதக்கங்கள் பெற்றாள். அடுத்த ஆண்டு யூகோஸ்லாவியாவின் தலைநகரான பெல்கிரேட்டில் முதலாவது உலக நீச்சல் சம்பியன்ஷிப் நடைபெற்றது. அங்கும் பெண்களுக்கு 14 போட்டிகள். பத்துத் தங்கங்கள் கிழக்கு ஜேர்மனிக்கு. எண்டருக்கு மட்டும் நான்கு. அவளுக்கு அப்போது வயது 14.

பன்னிரண்டு மாதங்களில் பூச்சியத்திலிருந்து பத்து. இதை எப்படி விளக்குவது? பெல்கிரேட்டுக்குச் சென்ற செய்தியாளர்கள் பலர் கண்டுபிடித்த விளக்கம் நீச்சலுடை. கிழக்கு ஜேர்மனியப் பெண்கள் உடலோடு ஒட்டிய, மிக மெல்லிய புதுவகை உடை அணிந்திருந்தார்கள். நனைந்தால் ஏறத்தாழ உடலே தெரியும் என்று அமெரிக்கர்கள் முகஞ்சுளித்தார்கள். பின்னர் அவர்களும் அதையே அணிந்தார்கள். உடை நீரின் இழுவையைக் குறைத்தது உண்மையே. ஆனால் உடையைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள், உடைக்குள் இருந்த உடல்களைப் பற்றிப் போதியளவு கேட்கவில்லை.

அந்த உடல்கள் எவ்வாறு ஆக்கப்பட்டன என்பது இன்று ஆவணங்களாக உள்ளது. பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அளந்து, எடை பார்த்து, எலும்பு பார்த்துத் தெரிவு செய்தார்கள். சிறுவர் இளையோர் விளையாட்டுப் பாடசாலைகள் என்ற உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பினார்கள். இதுவரையில் குற்றம் எதுவுமில்லை. கடும் பயிற்சியும் நல்ல பயிற்றுநர்களும் அங்கு இருந்தமையையும் மறுக்க முடியாது. ஆனால் யேனா நகரிலிருந்த யேனாஃபார்ம் என்ற அரச மருந்துத் தொழிற்சாலை ஒரு மருந்தைத் தயாரித்து வந்தது. பெயர் ஓரல் துரினபோல். ஆண் இயக்குநீரான டெஸ்ரஸ்ரெரோனை ஒத்த, செயற்கையாக ஆக்கப்பட்ட ஸ்ரீறொயிட். தசையை வளர்க்கும், களைப்பிலிருந்து விரைவில் மீளச் செய்யும், இரண்டு மடங்கு பயிற்சியைத் தாங்க வைக்கும். சிறிய நீல நிறக் குளிசை. ஆண்களைவிடப் பெண்களின் உடலிலேயே அதன் பயன் அதிகம், ஏனெனில் அவர்களது உடலில் அந்த இயக்குநீர் இயல்பாகவே மிகக் குறைவு. வயது குறையக் குறையப் பயன் இன்னும் அதிகம். பதின்ம வயதுச் சிறுமிகள் ஏன் தெரிவு செய்யப்பட்டார்கள் என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

1974 ஒக்ரோபரில் ஆளுங்கட்சி இதனை அரச திட்டமாகவே ஆக்கியது. அதன் பெயர் ‘அரச திட்டத் தலைப்பு 14.25’. ஒரு பாலம் கட்டுவதற்கு அல்லது நெல்லினம் ஒன்றை ஆராய்வதற்கு இடும் பெயரைப் போலிருக்கிறது, இல்லையா? விளையாட்டுத்துறைத் தலைவராக இருந்த மன்ஃபிரெட் ஏவால்ட்டும், விளையாட்டு மருத்துவ சேவையின் துணைத் தலைவராக இருந்த மன்ஃபிரெட் ஹொப்னர் என்ற மருத்துவரும் அதன் இரு தூண்கள். ஹொப்னர் இரகசியப் பொலிஸாரான ஸ்ராசிக்குத் தகவல் வழங்குபவராகவும் இருந்தார். அவர் கொடுத்த அறிக்கைகளே பின்னர் அவருக்கு எதிரான சாட்சியாயின. எல்லாவற்றையும் எழுதி வைக்கும் அரசுகளுக்கு இப்படியும் ஒரு விதி உண்டு.

பிள்ளைகளுக்கு என்ன சொன்னார்கள்? வைற்றமின் என்றார்கள். களைப்பு நீங்குவதற்கு என்றார்கள். பயிற்றுநரின் முன்னிலையில் விழுங்க வேண்டும், வீட்டில் பேசக்கூடாது. பெற்றோரிடம் எவரும் ஒப்புதல் கேட்கவில்லை. குரல் கரகரத்தது. உடலில் உரோமம் வளர்ந்தது. தோள் விரிந்தது. மாதவிலக்குக் குழம்பியது. பதினான்கு வயதுப் பிள்ளைக்குத் தன் உடல் மாறுவது புதிதல்ல. அந்த வயதே மாற்றத்தின் வயதுதான். எது இயல்பான மாற்றம், எது மருந்தின் மாற்றம் என்று பிரித்தறிய அவளிடம் அளவுகோல் இல்லை. தன்னோடு தடாகத்தில் நீந்தும் அத்தனை தோழியரும் அவ்வாறே இருக்கும்போது எதனோடு ஒப்பிடுவாள்?

இனி மொன்றியலுக்கு வருவோம். 1976இல் பெண்களுக்கான நீச்சற் போட்டிகள் 13; கிழக்கு ஜேர்மனி வென்றவை 11. எண்டர் நான்கு தங்கங்களையும் ஒரு வெள்ளியையும் பெற்றார். அவற்றுள் 100 மீற்றர் வண்ணத்துப்பூச்சி நீச்சலையும் 200 மீற்றர் ப்ரீஸ்டைலையும் அரை மணி நேரத்துக்கும் குறைந்த இடைவெளியில் வென்றார். பெற்றா தூமர் என்ற 15 வயதுச் சிறுமி 400 மீற்றரையும் 800 மீற்றரையும் வென்றாள்.

இந்த மூன்று ப்ரீஸ்டைல் போட்டிகளிலும், 200, 400, 800 மீற்றர்களில், இரண்டாவதாக வந்தவர் ஒருவரே: அமெரிக்காவின் ஷேர்லி பாபஷோவ். கலிஃபோர்னியாவைச் சேர்ந்தவர், வயது 19. 800 மீற்றரில் உலக சாதனை அவருடையது; சில வாரங்களுக்கு முன்னர்தான் 8 நிமிடம் 39.63 செக்கனில் அதைப் படைத்திருந்தார். மொன்றியலில் தமது சாதனையை இரண்டு செக்கனால் முறியடித்து 8 நிமிடம் 37.59 செக்கனில் முடித்தார். தூமர் 8 நிமிடம் 37.14 செக்கனில் முடித்திருந்தார். பாதிச் செக்கனிலும் குறைவான வித்தியாசம்.

பாபஷோவ் செய்த ‘குற்றம்’ ஒன்றே. தாம் கண்டதைச் சொன்னார். அந்தப் பெண்களின் குரலையும் தசையையும் பாருங்கள், இது இயல்பானதல்ல என்று செய்தியாளர்களிடம் வெளிப்படையாகக் கூறினார். மறுநாட் பத்திரிகைகள் அவருக்கு ஒரு பட்டம் சூட்டின. ‘சிடுமூஞ்சி ஷேர்லி’ என்று தமிழில் சொல்லலாம். ஆங்கிலத்தில் அது மோனையோடு அமைந்தமையால் இன்னும் நன்றாக ஒட்டிக்கொண்டது. தோல்வியைத் தாங்க முடியாதவர், வெற்றியாளரைப் பாராட்டும் பண்பற்றவர் என்று அவரது சொந்த நாட்டுப் பத்திரிகைகளே எழுதின. ஆழ்ந்த குரலைப் பற்றிக் கேட்டபோது, நாங்கள் நீந்தவே வந்தோம், பாடுவதற்கல்ல என்று கிழக்கு ஜேர்மனிய அணியின் தரப்பில் கூறப்பட்ட பதில் ஒரு நகைச்சுவைத் துணுக்காக உலகெங்கும் பரவியது. கேள்வி மறைந்தது; துணுக்கு நின்றது.

பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் சற்று நின்று பேச விரும்புகிறேன். அந்தச் செய்தியாளர்களை மூடர்கள் என்று நான் கருதவில்லை. அவர்களிடம் ஆதாரம் இல்லை. மொன்றியலில்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஸ்ரீறொயிட் பரிசோதனை நடந்தது. கிழக்கு ஜேர்மனிய நீச்சற் பெண்கள் ஒருவரும் அதில் அகப்படவில்லை. போட்டிக்கு எத்தனை நாட்களுக்கு முன்னர் மருந்தை நிறுத்தினால் சிறுநீரில் தடயம் இராது என்பதை அந்நாட்டு மருத்துவர்கள் கணித்து வைத்திருந்தார்கள். பின்னாளில் டிரெஸ்டன் நகருக்கு அண்மையிலுள்ள கிரைஷாவில் ஓர் ஆய்வுகூடத்தையே இதற்காக நடத்தினார்கள். அனுப்புமுன் தம் வீரர்களைத் தாமே பரிசோதித்து, தடயம் தெரிந்தவர்களை ஏதாவது காயம் என்று சொல்லி நிறுத்திக்கொண்டார்கள். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடம் அது.

ஆகவே குற்றச்சாட்டை உண்மை என்று அச்சிட முடியாமற் போனது விளங்கக்கூடியதே. ஆனால் குற்றஞ்சாட்டியவரை இகழ்ந்து அச்சிடுவதற்கு எவரும் ஆதாரம் கேட்கவில்லை. ஒரு பக்கத்துக்கு இருந்த நிதானம் மறுபக்கத்துக்கு இருக்கவில்லை. ஓர் அரசை ஐயப்பட ஆவணம் வேண்டும். தோற்றுப்போன 19 வயதுப் பெண்ணைப் பழிக்க அவளது முகபாவமே போதும். இது நீச்சலோடு நின்றுவிடும் பழக்கமல்ல என்பதை எமது நாட்டுப் பத்திரிகைகளை வாசித்து வளர்ந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

மொன்றியலில் கிழக்கு ஜேர்மனி இழந்த இரண்டு தங்கங்களுள் ஒன்று 200 மீற்றர் மார்பு நீச்சல். அதைச் சோவியத் ஒன்றியத்தின் மரீனா கொஷெவாயா பெற்றார். மற்றது கடைசி நாளின் கடைசிப் போட்டி, 4×100 மீற்றர் ப்ரீஸ்டைல் அஞ்சல் நீச்சல். கிம் பெய்ற்றன், வெண்டி பொக்லியோலி, 15 வயதான ஜில் ஸ்ரேர்க்கல், இறுதியில் பாபஷோவ். முதல் சுற்றிலேயே எண்டர் கிழக்கு ஜேர்மனிக்குப் பெரிய முன்னிலையை எடுத்துக் கொடுத்துவிட்டார். மூன்றாவதாகக் குதித்த ஸ்ரேர்க்கல் அதைப் பறித்தார். பாபஷோவ் விட்டுக்கொடுக்கவில்லை. 3 நிமிடம் 44.82 செக்கன், உலக சாதனை. எதிரணி 3 நிமிடம் 45.50 செக்கன். நீச்சல் வரலாற்றின் மிகச் சிறந்த அஞ்சற் போட்டி இதுவே என்று கூறுவோர் உளர். நானும் அவர்கள் பக்கமே. சிடுமூஞ்சி என்று எழுதிய பத்திரிகைகளில் மறுநாள் அவர் சிரிக்கும் படம் வந்தது.

1980 மொஸ்கோ ஒலிம்பிக்கை அமெரிக்கா புறக்கணித்தது. அங்கும் 13இல் 11 தங்கங்கள். றிக்கா றைனிஷ் என்ற 15 வயதுச் சிறுமி மல்லாந்த நீச்சலில் இரண்டும் அஞ்சல் நீச்சலில் ஒன்றுமாக மூன்று தங்கங்கள் பெற்றாள். சூலகங்கள் பாதிக்கப்பட்டதால் மிக விரைவிலேயே நீச்சலை விட்டு விலக நேர்ந்தது. வளர்ந்த பின்னர் தம்மை ஆளாக்கியவர்களுக்கு எதிராக நீதிமன்றில் பேசியவர்களுள் அவரும் ஒருவர்.

எவருமே முன்னர் பேசவில்லை என்று சொல்வதும் தவறு. பெல்கிரேட்டில் மார்பு நீச்சலில் இரு தங்கங்கள் வென்ற ரெனாற்ற ஃபோகல் 1979இல் மேற்குக்குத் தப்பிச் சென்று, நடந்ததைக் கூறினார். கெடுபிடிப் போர்க் காலம் அது. தப்பியோடியவரின் கூற்று என்றால் அதற்கு ஒரு தள்ளுபடி இருந்தது.

1989 நவம்பரில் சுவர் வீழ்ந்தது. அதன் பின்னர் இந்தக் கதையைத் தோண்டி எடுத்தவர்கள் ஒரு தம்பதியினர்: முன்னாள் வீராங்கனை பிறிகிற்ற பெரண்டொங்க், அவரது கணவரும் ஹைடல்பேர்க்கின் உயிரியல் விஞ்ஞானியுமான வேர்னர் ஃபிராங்கெ. பாட் சாறோவில் இருந்த இராணுவ மருத்துவக் கழகத்தில் ஆய்வறிக்கைகள் அழியாமற் கிடந்தன. யாருக்கு, எந்த ஆண்டில், எத்தனை மில்லிகிராம் என்பன அவற்றில் வரிசையாக இருந்தன. 1991இல் பெரண்டொங்க் அவற்றை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு டிசெம்பரில் முன்னாள் பயிற்றுநர்கள் 20 பேர் கூட்டாக ஒப்புக்கொண்டனர். இத்திட்டத்துக்கு உட்பட்ட விளையாட்டு வீரர்கள் அனைவரையும் சேர்த்தால் தொகை சுமார் 10,000 என்று மதிப்பிடப்படுகிறது.

1998 முதல் பெர்லினில் வழக்குகள் நடந்தன. நீச்சல் சம்மேளனத்தின் தலைமை மருத்துவராக இருந்த லோத்தார் கிப்கெக்கு 2000 ஜனவரியில் 15 மாத ஒத்திவைத்த சிறைத்தண்டனை. அதே ஆண்டு யூலையில் ஏவால்ட்டுக்கு 22 மாதமும் ஹொப்னருக்கு 18 மாதமும், இரண்டுமே ஒத்திவைத்த தண்டனை. அவர்களுக்கு எதிரான குற்றப்பத்திரத்தில் 142 பெண்கள் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். ஒருவரும் ஒருநாளேனும் சிறையில் இருக்கவில்லை. ஏவால்ட் 2002இல் இறந்தார். அதே ஆண்டு ஜேர்மன் நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டோருக்கான உதவிச் சட்டத்தை இயற்றி 20 இலட்சம் யூரோ ஒதுக்கியது. ஆளுக்கு 10,000 யூரோவுக்குச் சற்று மேல் கிடைத்தது. 2016இல் இரண்டாவது சட்டம் தேவைப்பட்டது. ஈரல், இதயம், முள்ளந்தண்டு என்று நோய்கள் ஐம்பது வயதில் வெளிப்பட்டபோதுதான் பலருக்குத் தமது சிறுவயதின் குளிசை நினைவுக்கு வந்தது.

பதக்கங்கள் என்னவாயின? 1998இல் அமெரிக்க ஒலிம்பிக் குழு பட்டியலைத் திருத்துமாறு கேட்டது. சர்வதேச ஒலிம்பிக் குழு மறுத்துவிட்டது. காலம் கடந்துவிட்டது, பரிசோதனையில் எவரும் அகப்படவில்லை என்பன காரணங்கள். இன்னொரு காரணமும் உண்டு. அது எளிதில் தள்ளக்கூடியதல்ல. அந்தச் சிறுமிகள் ஏமாற்றியவர்களா, ஏமாற்றப்பட்டவர்களா? பதக்கத்தைப் பறித்தால் அரசு ஒருமுறை தண்டித்தவர்களை நாம் மறுமுறை தண்டிப்பதாகாதா?

இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது முழுமையானதல்ல. மொன்றியலின் 100 மீற்றர் ப்ரீஸ்டைல் முடிவைப் பாருங்கள். முதலிடத்திலும் இரண்டாமிடத்திலும் கிழக்கு ஜேர்மனியர். மூன்றாமிடத்தில் எனித் பிறிகிதா. குறசாவோ தீவில் பிறந்து நெதர்லாந்துக்காக நீந்திய கறுப்பினப் பெண். ஒலிம்பிக் நீச்சலில் தனிநபர் தங்கம் வென்ற முதல் கறுப்பினப் பெண் என்ற இடம் 2016இல் அமெரிக்காவின் சிமோன் மனுவெலுக்குக் கிடைத்தது. கறுப்பர்களால் நீந்த முடியாது என்ற மடமை உலகில் நாற்பது ஆண்டுகள் மேலதிகமாக உலாவியதில் அந்த நீலக் குளிசைக்கும் ஒரு பங்கு உண்டு. பிறிகிதாவையும் பாபஷோவையும் எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பத்திரிகையில் பிழை வந்தால் பழைய இதழ்களை எரிப்பதில்லை. அடுத்த இதழில் திருத்தம் போடுகிறோம். பட்டியலிலும் அதையே செய்யலாம் என்பது என் எண்ணம். நீந்தியவர்களின் பெயரும் நேரமும் இருக்கட்டும். அருகில் உண்மை ஒரு வரியில் எழுதப்படட்டும். அமெரிக்காவின் நீச்சற் சஞ்சிகையான ‘சுவிமிங் வேர்ள்ட்’ 2013இல், கிழக்கு ஜேர்மனிய வீராங்கனைகளுக்கு முன்னர் தான் வழங்கிய ஆண்டின் சிறந்த வீராங்கனை விருதுகளை மீளப் பெற்றுக்கொண்டது. ஒரு சஞ்சிகைக்கு இயன்றது சர்வதேச அமைப்புகளுக்கு ஏன் இயலாது?

பாதிக்கப்பட்டவர்களுக்குள்ளேயே ஒருவர் இதைச் செய்து காட்டினார். 1976இல் 14 வயதில் 100 மீற்றர் மார்பு நீச்சலில் உலக சாதனை படைத்த கறோலா நிட்ச்கெ, 1998இல் தமது பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்து, சாதனைப் பட்டியலிலிருந்து தமது பெயரை நீக்குமாறு தாமாகவே கேட்டார்.

2021 முதல் நடைமுறையிலுள்ள உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கோவை, 16 வயதுக்கு உட்பட்டவர்களைப் ‘பாதுகாக்கப்பட வேண்டியவர்’ என்று வேறாக வகுத்திருக்கிறது. அவர்களின் உடலில் தடைமருந்து இருந்தால், அவர்களைச் சூழ்ந்திருந்த பயிற்றுநரையும் மருத்துவரையும் விசாரிக்க வேண்டும் என்கிறது. எண்டரின் வயதிலிருந்த பிள்ளைகளுக்கு அரை நூற்றாண்டு பிந்திக் கிடைத்த ஏற்பாடு. ஆனால் வளர்ந்தோரின் போட்டிகளில் குழந்தைகள் இறங்குவது நிற்கவில்லை. 2025இல் சிங்கப்பூரில் நடந்த உலக சம்பியன்ஷிப்பில் சீனாவின் யூ சிடி 12 வயதில் அஞ்சல் நீச்சலுக்கான வெண்கலப்பதக்கம் பெற்றார். அவர் மீது ஐயம் எதையும் இங்கு நான் எழுப்பவில்லை. அவரது வயதை மட்டுமே குறிக்கிறேன்.

ஷேர்லி பாபஷோவ் நீச்சலை விட்ட பின்னர் கலிஃபோர்னியாவில் தபால் ஊழியரானார். வீடு வீடாகக் கடிதம் கொண்டு சென்றார். 2005இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அவருக்கு ஒலிம்பிக் கௌரவ விருது வழங்கியது. 2016இல் தமது நினைவுகளை நூலாக எழுதினார். மொன்றியல் முடிவுகளில் அவர் பெயருக்கு எதிரே இன்றும் ஒரு தங்கமும் நான்கு வெள்ளிகளும் உள்ளன.